பெடஸ்டலில் பிளக் போட்டும் டிரெய்லர் பேட்டரி இறங்குகிறது. வீட்டில் போட்டால் ஜிஎஃப்சிஐ விழுகிறது

ஊர்சுற்றி_ஆஸ்டின்

வணக்கம். 2018 மாடல், 22 அடி டிராவல் டிரெய்லர். 30 ஆம்ப் இணைப்பு. முன்னால் ஏ-ஃபிரேமில் (வண்டியோடு இணைக்கும் முக்கோணச் சட்டத்தில்) குரூப் 24 லெட் ஆசிட் பேட்டரி ஒன்று, உள்ளே 55 ஆம்ப் கன்வெர்ட்டர். சோலார் இல்லை, இன்வெர்ட்டர் இல்லை.

முதல் பிரச்சினை. கேம்ப்கிரவுண்டில் பெடஸ்டலில் (மின் இணைப்புக் கம்பத்தில்) பிளக் போட்டால் ஏசி ஓடுகிறது, மைக்ரோவேவ் ஓடுகிறது, சுவர் பாயின்ட்டில் 118 வோல்ட் காட்டுகிறது. ஆனால் இரண்டாம் ராத்திரிக்குள் விளக்குகள் மங்கிவிடுகின்றன. தண்ணீர் பம்ப் இழுத்து இழுத்து ஓடுகிறது. ஃபர்னஸ் (கேஸில் எரியும் அறை ஹீட்டர்) ஃபேன் சுற்றுகிறது, ஆனால் தீ பற்றுவதில்லை. பேட்டரி முனையில் 11.7 வோல்ட். இரண்டு நாள் பிளக்கிலேயே விட்டுப் பார்த்தேன், ஏறவில்லை. பேட்டரிக்கு ஒரு வயதுதான். கடையில் தனியாக சார்ஜ் ஏற்றி லோடு டெஸ்ட் செய்ததில் நல்ல நிலையில் இருக்கிறது என்றார்கள். குளிர்காலத்துக்குக் கழற்றி வைத்திருந்த பேட்டரியை மார்ச்சில் திரும்ப மாட்டியதிலிருந்து இப்படி.

இரண்டாவது. வீட்டு கராஜில் 30-இலிருந்து 15-க்கு மாற்றும் அடாப்டர் வைத்துப் போட்டால் ஜிஎஃப்சிஐ அவுட்லெட் (மின்கசிவு கண்டால் தானாகத் துண்டிக்கும் பாயின்ட்) உடனே விழுகிறது. கேம்ப்கிரவுண்டில் எந்த பிரேக்கரும் விழுவதில்லை.

இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்குமா? கையில் சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

நெடுஞ்சாலை

கன்வெர்ட்டர் போயிருக்கும். அதே அளவில் புதுசு வாங்கி மாற்றிவிடுங்கள், அரை நாள் வேலை. மாற்றும்போது லித்தியம் சார்ஜ் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பின்னால் உதவும்.

மீட்டர்காரர்

நெடுஞ்சாலை சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனாலும் அளந்து பார்க்காமல் கன்வெர்ட்டர் வாங்க வேண்டாம். இதே அறிகுறியை ஒரு சில்லறை ஃப்யூஸும் கொடுக்கும். புது கன்வெர்ட்டர் போட்டும் அதே 11.7 நின்றால் பணமும் போச்சு, நாளும் போச்சு.

டிரெய்லரில் இரண்டு தனித்தனி மின்சாரம் ஓடுகிறது என்பதை முதலில் மனதில் வையுங்கள். ஏசி, மைக்ரோவேவ், சுவர் பாயின்ட், வாட்டர் ஹீட்டரின் மின்சார எலிமென்ட் எல்லாம் 120 வோல்ட். விளக்கு, பம்ப், ஃபர்னஸ், ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு, எல்பி கேஸ் டிடெக்டர் எல்லாம் 12 வோல்ட். இரண்டையும் இணைக்கும் ஒரே பாலம் கன்வெர்ட்டர். அது 120-ஐ வாங்கி 13.6 வோல்ட் அளவில் டிசி ஆக்கி, விளக்குகளையும் ஓட்டி பேட்டரியையும் ஏற்றும். உங்களுக்கு ஏசி ஓடுகிறது என்பதால் 120 பக்கம் உயிரோடு இருக்கிறது. 12 பக்கம் முழுக்கப் பேட்டரியை மட்டும் நம்பி ஓடுகிறது. அதாவது பாலம் எங்கோ அறுந்திருக்கிறது.

எங்கே அறுந்தது என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. பிளக் போட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்து பேட்டரி மட்டும் ஏறாமல் இருந்தால், ஃப்யூஸ் போர்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் கோளாறு: பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்ச், ஏ-ஃபிரேமில் இருக்கும் ஆட்டோ ரீசெட் பிரேக்கர், துருப்பிடித்த முனை, இப்படி. உங்களுக்கு விளக்கும் பேட்டரியும் சேர்ந்தே சரிகின்றன. அப்படியானால் கன்வெர்ட்டரின் வெளியீடு போர்டுக்கே வந்து சேரவில்லை.

உறுதிசெய்ய மீட்டர்கூட வேண்டாம். டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றி, இரண்டையும் இணைக்கும் 7 பின் மின் கேபிளையும் உருவிவிடுங்கள். அது மாட்டியிருந்தால் வண்டியிலிருந்து 12 வோல்ட் உள்ளே வந்து உங்களை ஏமாற்றும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனையைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். இப்போது பெடஸ்டலிலோ வேறு நல்ல 120 இணைப்பிலோ பிளக் போட்டு ஒரு விளக்கைப் போடுங்கள். நல்ல கன்வெர்ட்டர் பேட்டரி இல்லாமலே விளக்குகளைத் தாங்கும். எரியவில்லை என்றால் கோளாறு கன்வெர்ட்டர் பக்கம்தான்.

எரியாவிட்டால் இந்த வரிசையில் போங்கள்.

பேனலில் கன்வெர்ட்டருக்கான 120 வோல்ட் பிரேக்கரைத் தேடுங்கள். பெரும்பாலும் 15 ஆம்ப். பல டிரெய்லர்களில் அது தனி பிரேக்கராக இருக்காது, ஏதோ ஒரு பாயின்ட் வரிசையோடு சேர்ந்திருக்கும். பாதியில் நிற்கும் பிரேக்கர் பார்வைக்கு ஆன் போலத் தெரியும். ஒருமுறை முழுக்க ஆஃப் பக்கம் தள்ளி, பிறகு ஆன் செய்யுங்கள்.

அடுத்து ரிவர்ஸ் போலாரிட்டி ஃப்யூஸ்கள். கன்வெர்ட்டர் பேனலோடு சேர்ந்த வகை என்றால் ஃப்யூஸ் போர்டின் ஓரத்தில், மற்ற ஃப்யூஸ்களிலிருந்து தள்ளி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கும். தனிப் பெட்டியாகக் கட்டிலுக்கோ ஃப்ரிட்ஜுக்கோ அடியில் இருக்கும் வகை என்றால் அந்தப் பெட்டியின் முகத்திலேயே இருக்கும். 30 அல்லது 40 ஆம்ப், பிளேடு வகை. இவை போவதற்கு அநேகமாக ஒரே காரணம்தான்: யாராவது ஒரு கணம் பேட்டரியை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். மார்ச்சில் பேட்டரியைத் திரும்ப மாட்டினேன் என்கிறீர்கள். என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

இதற்குப் பின்னால் ஒரு நியாயமான குழப்பம் இருக்கிறது. காரில் கறுப்பு கேபிள் என்றால் நெகட்டிவ். அமெரிக்க டிரெய்லர் வயரிங்கில் பல இடங்களில் கறுப்புதான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கார் பழக்கத்தில் கறுப்பை மைனஸில் மாட்டினால் அந்த நொடியே ஃப்யூஸ் இரண்டும் போய்விடும். கன்வெர்ட்டரைக் காப்பாற்றத்தான் அவை அங்கே இருக்கின்றன. நிறத்தை நம்பாதீர்கள், கம்பியைப் பின்தொடருங்கள்: டிரெய்லர் சட்டத்தில் போல்ட் அடித்து நிற்பது எதுவோ அதுதான் நெகட்டிவ்.

ஃப்யூஸை வெளியே எடுத்து, மீட்டரை கன்டினியூட்டியில் வைத்து இரண்டு கால்களையும் தொட்டுப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் போனது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மயிரிழை விரிசல் தெரியாது. மாற்றும்போது பேட்டரி நெகட்டிவ் கழற்றியிருக்கட்டும், 120 பிளக்கும் உருவியிருக்கட்டும். போர்டில் என்ன எண் அச்சிட்டிருக்கிறதோ அதே எண் போடுங்கள். திரும்பப் போகாமல் இருக்கட்டும் என்று பெரிய ஃப்யூஸ் போடுவது தீ விபத்தில் முடியும்.

ஃப்யூஸ்கள் நன்றாக இருந்து, கன்வெர்ட்டருக்குள் 120 வருகிறது, வெளியே டிசி வரவில்லை என்றால் மட்டும் சந்தேகமே இல்லாமல் கன்வெர்ட்டர் போனது என்று சொல்லலாம். 120 உள்ளே வருகிறதா என்று பார்க்க பேனல் மூடியைக் கழற்ற வேண்டும், அங்கே உயிருள்ள முனைகள் திறந்திருக்கும். பழக்கமில்லை என்றால் அந்த ஒரு அளவை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கன்வெர்ட்டர் ஃபேன் சத்தம் கேட்கவில்லை என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல மாடல்களில் லோடு ஏறினாலோ சூடானாலோதான் ஃபேன் ஓடும்.

எதிர்பார்க்க வேண்டிய எண்கள்: பிளக் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல லெட் ஆசிட் பேட்டரி 12.6-12.7. பாதி காலியானது 12.2 அளவு. 11.7 என்றால் கிட்டத்தட்ட துடைத்து எடுத்தாயிற்று. பிளக் போட்டதும் பேட்டரி முனையில் 13.2-இலிருந்து 14.4-க்குள் ஏதாவது ஒன்று தெரிய வேண்டும். மூன்று நிலை சார்ஜர்களில் வேகமாக ஏற்றும்போது 14.4, சாதாரணமாக 13.6, நிறைந்து நிற்கும்போது 13.2.

ஃபர்னஸ் ஏன் பற்றவில்லை என்பதும் இதோடு சேர்ந்ததே. அதற்குள் காற்றோட்டம் தள்ளி எழுப்பும் ஒரு சின்ன தகடு, செயில் சுவிட்ச், இருக்கிறது. போதுமான காற்று வந்து தகடு எழுந்து சுவிட்ச் ஆன் ஆனால்தான் போர்டு கேஸ் வால்வைத் திறக்கும். வோல்டேஜ் இறங்கினால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், தகடு முழுக்க எழாது, கேஸ் வராது. ஃபர்னஸில் கை வைக்க வேண்டாம், பேட்டரியைச் சரிசெய்தால் அது தானாகப் பற்றும்.

கம்பிவேலை

மீட்டர்காரர் சொன்னதோடு உடன்படுகிறேன். நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒரே காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, தனியாகவே தேடுங்கள்.

கேம்ப்கிரவுண்டில் விழவில்லை என்பதால் அங்கே கோளாறு இல்லை என்று எண்ண வேண்டாம். பெடஸ்டலின் 30 ஆம்ப் சாக்கெட் பெரும்பாலும் ஜிஎஃப்சிஐ இல்லாதது. அதன் பிரேக்கர் 30 ஆம்புக்கு மேல் போனால்தான் விழும். கராஜ் ஜிஎஃப்சிஐ சுமார் 5 மில்லி ஆம்ப் கசிந்தாலே விழும். கசிவு இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஒன்று சொல்கிறது, ஒன்று சொல்லவில்லை. ஆகவே ஜிஎஃப்சிஐ இல்லாத வேறு பாயின்ட்டில் போட்டு ஓட்டுவதோ, பிளக்கின் கிரவுண்ட் காலை வெட்டுவதோ கூடவே கூடாது. கிரவுண்ட் (ஊரில் எர்த் என்போம்) அறுந்த நிலையில் கசிவு இருந்தால் டிரெய்லரின் அலுமினிய உடம்பு முழுக்க மின்சாரம் ஏறும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொடுபவருக்கு உயிராபத்து. கதவைத் தொடும்போது லேசாகச் சுள்ளென்று இருந்தாலே பிளக்கை உருவிவிடுங்கள்.

தேடும் முறை: டிரெய்லர் பேனலில் மெயின் உட்பட எல்லா 120 பிரேக்கரையும் ஆஃப் செய்து, பிறகு கராஜில் பிளக் போடுங்கள்.

விழாவிட்டால் மெயினைப் போடுங்கள், பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த வரிசையில் கசிவு.

எல்லாம் ஆஃபில் இருந்தும் விழுந்தால் குழம்ப வேண்டாம், அதுவும் ஒரு தகவல். டிரெய்லர் பிரேக்கர் ஹாட் (ஃபேஸ்) கம்பியை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும். எங்கோ நியூட்ரலும் கிரவுண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இக்கால ஜிஎஃப்சிஐகள் லோடே இல்லாவிட்டாலும் இந்தத் தொடுதலைக் கண்டுபிடிக்கும். டிரெய்லர் பேனலில் நியூட்ரல் பட்டையும் கிரவுண்ட் பட்டையும் பிரிந்தே இருக்க வேண்டும். வீட்டு மெயின் பேனலில் இரண்டும் சேர்ந்திருக்கும், அந்தப் பழக்கத்தில் யாராவது டிரெய்லரிலும் சேர்த்துவிடுவதுண்டு. புதிதாக ஒரு பாயின்ட் சேர்க்கும்போது வெள்ளைக் கம்பியைக் கிரவுண்ட் பட்டையில் திருகிவிடுவதும் உண்டு.

சரிபார்க்க: பிளக்கை உருவிவிட்டு, எங்கும் மாட்டாத நிலையில், டிரெய்லர் கேபிளின் நியூட்ரல் காலுக்கும் கிரவுண்ட் காலுக்கும் நடுவே ஓம்ஸ் அளக்கவும். முடிவிலி, அல்லது மிகப் பெரிய எண் வர வேண்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் நேரடியாகத் தொடுகிறது. நூறுகளிலோ ஆயிரங்களிலோ வந்தால் ஏதோ ஒரு ஹீட்டர் எலிமென்ட்.

சந்தேகப் பட்டியலில் முதலிடம் வாட்டர் ஹீட்டர் எலிமென்ட்டுக்கு. டாங்கில் தண்ணீர் இல்லாமல் சுவிட்ச் போட்டால் அது சில நொடியில் வெந்து பிளந்துவிடும், பிறகு தண்ணீர் வழியாக டாங்குக்குக் கசியும். குளிர்காலத்தில் டாங்கைக் காலி செய்து வைத்து, வசந்தத்தில் முதல்முறை பிளக் போடும்போது இது நடக்கும். அடுத்த சந்தேகம் புரொப்பேன் ஃப்ரிட்ஜின் 120 எலிமென்ட். அது ஈரம் உறிஞ்சிக் கசிவது உண்டு. பிறகு வெளிப்புறப் பாயின்ட்டில் தண்ணீர், கேபிளின் வாயில் ஈரம்.

இதில் ஒரு நுணுக்கம். எலிமென்ட் நியூட்ரல் முனைக்குப் பக்கத்தில் பிளந்திருந்தால், அதன் பிரேக்கரை ஆஃப் செய்தாலும் ஜிஎஃப்சிஐ விழும். ஆகவே பிரேக்கரை மட்டும் நம்பி ஹீட்டரை விடுவிக்காதீர்கள். பிளக்கை உருவிவிட்டு, எலிமென்ட்டின் இரண்டு கம்பியையும் கழற்றி அளந்து பாருங்கள். 1,440 வாட் எலிமென்ட் என்றால் இரண்டு முனைக்கும் நடுவே சுமார் 10 ஓம். ஒவ்வொரு முனைக்கும் டாங்கின் உலோகத்துக்கும் நடுவே முடிவிலி. அங்கே ஏதாவது எண் வந்தால் எலிமென்ட் மாற்ற வேண்டியதுதான்.

மலைமுகாம்

சின்ன இடைச்செருகல். மன்னிக்கவும், கொஞ்சம் திசை மாற்றுகிறேன். என் டிரெய்லரில் லெட் ஆசிடை எடுத்துவிட்டு 100 ஆம்ப் அவர் லித்தியம் போட்டேன். கன்வெர்ட்டர் பழையது, 13.6-க்கு மேல் போவதில்லை. இது போதுமா? இன்னொன்று, வண்டியில் இழுத்துப் போகும்போது 7 பின் வழியாக நிறைந்துவிடும் என்கிறார்கள், உண்மையா?

ஊர்சுற்றி_ஆஸ்டின்

இருவருக்கும் மிக்க நன்றி. அளவுகளைத் தருகிறேன்.

7 பின்னும் பேட்டரி நெகட்டிவும் கழற்றிவிட்டு நண்பர் வீட்டு 30 ஆம்ப் சாக்கெட்டில் போட்டேன். விளக்கு எரியவில்லை. பிரேக்கரை ஆஃப் செய்து ஆன் செய்தும் அதேதான். ரிவர்ஸ் போலாரிட்டி ஃப்யூஸ் இரண்டையும் எடுத்து அளந்தேன், இரண்டும் போயிருந்தன. மீட்டர்காரர் ஐயா சொன்னதுதான்: மார்ச்சில் கறுப்பை மைனஸில் வைத்தபோது பொறி பறந்தது, உடனே மாற்றி மாட்டிவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிட்டேன்.

அதே எண்ணில் இரண்டு ஃப்யூஸ் போட்டேன். இப்போது பேட்டரி முனையில் முதலில் 14.3, மூன்று மணி நேரம் கழித்து 13.6.

ஜிஎஃப்சிஐ: எல்லா பிரேக்கரும் ஆஃபில் இருந்தும் விழுந்தது. நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே சுமார் 1 ஓம். ஹீட்டர் எலிமென்ட்டின் இரண்டு கம்பியையும் கழற்றியதும் மீட்டர் முடிவிலிக்குப் போய்விட்டது, பிளக் போட்டாலும் விழவில்லை. ஸ்டீல் டாங்க், திருகி மாட்டும் எலிமென்ட்.

மாற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியது என்ன? வீட்டில் நிரந்தரமாக 30 ஆம்ப் சாக்கெட் ஒன்று வைக்கலாமா?

மீட்டர்காரர்

ரொம்ப சந்தோஷம். பேட்டரி விஷயம் இன்னும் முழுசாக முடியவில்லை. இரண்டு காரியம் பாக்கி.

முதலாவது, பேட்டரி மாறி மாட்டிய அந்தக் கணத்தில் தலைகீழ் வோல்டேஜ் கன்வெர்ட்டருக்கு மட்டும் போகவில்லை, 12 வோல்ட் வரிசை முழுக்கப் போயிருக்கும். ரேடியோ, ஃபர்னஸ் போர்டு, ஸ்லைடு (வெளியே நீளும் அறைப் பகுதி) கன்ட்ரோல் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். அவசியம் பார்க்க வேண்டியது எல்பி கேஸ் டிடெக்டர். டெஸ்ட் பட்டனை அழுத்தி அலறுகிறதா பாருங்கள். பின்புறம் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கும். 2018-இல் வந்தது என்றால் அதன் ஆயுள் முடிந்திருக்கும், பட்டன் வேலை செய்தாலும் மாற்றுங்கள்.

இரண்டாவது, லெட் ஆசிட் பேட்டரி வாரக்கணக்கில் 11.7-இல் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் கெட்டியாகப் படியும். கடை டெஸ்ட் ஒரு நொடியில் வண்டியைக் கிளப்பும் திறனைத்தான் பார்க்கிறது, ராத்திரி முழுக்கத் தாங்குமா என்பதை அல்ல. முழுக்க ஏற்றி, கேபிளைக் கழற்றி, 12 மணி நேரம் விடுங்கள். 12.6 நிற்க வேண்டும். பிறகு திரும்ப மாட்டி, 120 இல்லாமல், 10 ஆம்ப் அளவுக்கு லோடு வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். ஃபர்னஸ் ஃபேன் 7 ஆம்ப் சுமார், கூட சில விளக்குகள் போட்டால் அந்தக் கணக்கு வந்துவிடும். லோடை எடுத்து ஒரு மணி நேரம் கழித்து 12.4 பக்கத்தில் இருந்தால் நல்ல பேட்டரி. 12.0-க்குக் கீழே போயிருந்தால் அதன் கொள்ளளவு போய்விட்டது. செல் மூடிகள் திறக்கக்கூடிய வகை என்றால் தண்ணீர் அளவையும் பாருங்கள், காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்.

அந்த லோடு ஓடும்போதே இன்னொரு அளவு எடுத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் தூணிலும் மற்றதைச் சட்டத்தின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் வரை சரி. அரை வோல்ட் வந்தால் சட்டத்தில் இருக்கும் போல்ட் துருப்பிடித்திருக்கிறது: கழற்றி, உலோகம் மின்னும்வரை தேய்த்து, நட்சத்திர வாஷரோடு இறுக்குங்கள். இதே முறையில் பேட்டரி பாசிட்டிவ் தூணிலிருந்து ஃப்யூஸ் போர்டின் பாசிட்டிவ் முனைவரைக்கும் அளக்கலாம். ஏ-ஃபிரேமில் மழையில் நனையும் ஆட்டோ ரீசெட் பிரேக்கரின் நட்டுகள் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். வோல்ட் மீட்டரைச் சும்மா வைத்தால் துரு தெரியாது, கரன்ட் ஓடும்போதுதான் தெரியும்.

பேட்டரி கழற்றியிருக்கும் நிலையில் டிரெய்லரை இழுக்காதீர்கள். வண்டியிலிருந்து அறுந்தால் டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கும் பிரேக்அவே சுவிட்சுக்கு மின்சாரம் தருவது அந்தப் பேட்டரிதான்.

@மலைமுகாம்: 13.6-இல் லித்தியம் ஏறும், ஆனால் மிக மெதுவாக, கடைசிவரை நிறையாமல். அந்த பேட்டரிகள் 14.2-14.6 எதிர்பார்க்கின்றன. செல்கள் தமக்குள் சமன் ஆவதும் அந்த உயரத்தில்தான் நடக்கும். லித்தியம் நிலை உள்ள கன்வெர்ட்டர் போடுவது நியாயமான செலவு. அதைவிட முக்கியம் குளிர்: 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும். பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) அதைத் தடுக்கும் வகையா என்று பேட்டரியின் கையேட்டில் பாருங்கள். மலையில் முகாமிட்டால் பேட்டரியை ஏ-ஃபிரேமிலிருந்து உள்ளே கொண்டுவருவது நல்லது. 7 பின்னை நம்ப வேண்டாம். மெல்லிய கம்பி, வண்டி முன்பக்கத்திலிருந்து டிரெய்லர் வரை நீண்ட தூரம், வழியிலேயே வோல்டேஜ் தேய்ந்துவிடும். சில ஆம்ப் வந்தால் அதிகம். வேண்டுமென்றால் தடித்த கம்பி இழுத்து 20 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். அது வோல்டேஜைத் திரும்ப உயர்த்திக் கொடுக்கும், ஆல்டர்னேட்டரையும் காக்கும்.

கம்பிவேலை

எலிமென்ட் மாற்றுவது: 120 பிளக்கை உருவி, கேஸையும் நிறுத்தி, தண்ணீர் ஆறும்வரை பொறுங்கள். வெளியிலிருந்து வரும் தண்ணீரையும் பம்பையும் நிறுத்தி, ஏதாவது ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தம் போன பிறகுதான் டாங்கைக் காலி செய்ய வேண்டும். அழுத்தம் இருக்கும்போது அடைப்பைத் திருகினால் சுடுதண்ணீர் முகத்தில் அடிக்கும். திருகும் வகைக்குப் பெரும்பாலும் ஒன்றரை அங்குல சாக்கெட் பொருந்தும். பழைய கேஸ்கெட் டாங்கில் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். வாட்டும் வோல்டேஜும் பழையதன் மேல் எழுதியிருப்பதையே வாங்குங்கள். வீட்டு ஹீட்டர் எலிமென்ட்டுகள் பல 240 வோல்ட்டுக்கானவை, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவை 120-இல் கால்பங்கு சூடுதான் தரும்.

பிறகு டாங்கை நிரப்புங்கள். சுடுதண்ணீர்க் குழாயில் காற்று சீறுவது நின்று, தண்ணீர் சீராக வரும்வரை ஹீட்டர் சுவிட்சில் கை வைக்க வேண்டாம். சில ஹீட்டர்களில் வெளிப்புறச் சின்னக் கதவுக்குள்ளேயும் ஒரு மின்சார சுவிட்ச் இருக்கும். குளிர்காலத்துக்கு மூடும்போது அதையும் சேர்த்து ஆஃப் செய்துவிட்டு, பேனல் பிரேக்கரையும் ஆஃபில் வையுங்கள், அடுத்த வசந்தத்தில் இதே எலிமென்ட்டைத் திரும்ப வாங்க வேண்டியிருக்காது.

15 ஆம்ப் அடாப்டரில் இருக்கும்வரை கணக்கோடு ஓட்டுங்கள். தொடர்ந்து இழுக்க 12 ஆம்ப் தான் பத்திரம். வெறுமையான பேட்டரியை ஏற்றும்போது கன்வெர்ட்டர் மட்டுமே 8 ஆம்ப் வரை இழுக்கும். ஹீட்டர் எலிமென்ட் தனியாக 12. ஏசி 13 சுமார், கிளம்பும் நொடியில் பல மடங்கு. ஆகவே கராஜில் பேட்டரி சார்ஜும் ஃப்ரிட்ஜும் போதும், ஏசி வேண்டாம். எக்ஸ்டென்ஷன் கேபிள் 12 கேஜுக்கு மெல்லியதாக வேண்டாம். 16 கேஜ் கேபிள் சூடாகும், வோல்டேஜும் சரியும்.

30 ஆம்ப் சாக்கெட் வைப்பது நல்ல யோசனை. இந்த இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும், வீட்டில் நடக்கும் பெரிய சேதம் இங்கேதான். டிரெய்லர் 30 ஆம்ப் சாக்கெட் (டிடி-30) மூன்று கால், 120 வோல்ட். துணி உலர்த்தும் இயந்திரத்தின் பழைய 30 ஆம்ப் சாக்கெட்டும் மூன்று கால், ஏறக்குறைய அதே தோற்றம், ஆனால் 240. டிரெய்லர் பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் 30 ஆம்ப் என்று கேட்டதும் இரட்டை பிரேக்கர் போட்டு 240 இழுத்துவிடுவதுண்டு. பிளக் போட்ட நொடியில் மைக்ரோவேவ், கன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ் போர்டு எல்லாம் கருகும். அவரிடம் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்: டிடி-30, 120 வோல்ட், ஒற்றை 30 ஆம்ப் பிரேக்கர், 10 கேஜ் செப்புக் கம்பி, ஹாட் ஒன்று, நியூட்ரல் ஒன்று, கிரவுண்ட் ஒன்று. வெளிப்புறச் சாக்கெட் என்பதால் உங்கள் நகரத்தின் விதிப்படி ஜிஎஃப்சிஐ வேண்டுமா, பர்மிட் வேண்டுமா என்று அவரே பார்க்கட்டும்.

வேலை முடிந்ததும் டிரெய்லரை மாட்டும் முன் நீங்களே அளந்து பாருங்கள். ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120. ஹாட்டுக்கும் கிரவுண்டுக்கும் 120. நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் பூஜ்யம், அல்லது ஒன்றிரண்டு வோல்ட். எங்காவது 240 கண்டால் பிளக்கைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

கேம்ப்கிரவுண்டிலும் பிளக் போடும் முன் இதே மூன்று அளவுதான். பெடஸ்டல் பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு பிளக்கைச் சொருகி, பிறகு ஆன் செய்யுங்கள். உயிரோடு இருக்கும் சாக்கெட்டில் சொருகினால் பொறி பறந்து கால்கள் கருகும், கருகிய கால் தடை கூடி மேலும் சூடாகும். உங்கள் பிளக்கின் கால்களை ஒருமுறை பாருங்கள். பழுப்போ கறுப்போ ஏறி, பிளாஸ்டிக் உருகியிருந்தால் பிளக் முனையை மாற்றுங்கள். உச்சி வெயிலில் எல்லா டிரெய்லரும் ஏசி போடும் நேரத்தில், உங்கள் ஏசியும் ஓடும்போது உள்ளே ஒரு பாயின்ட்டில் அளந்து பாருங்கள். 104-க்குக் கீழே போனால் ஏசியை நிறுத்திவிடுங்கள். புரோகிரசிவ் இன்டஸ்ட்ரீஸ் ஈஎம்எஸ் போன்ற பாதுகாப்புப் பெட்டிகளும் அந்த 104-இலும், மேல்பக்கம் 132-இலும்தான் தானாகத் துண்டிக்கின்றன. குறைந்த வோல்டேஜில் கம்ப்ரசர் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகி, வைண்டிங் வெந்துபோகும்.

ஊர்சுற்றி_ஆஸ்டின்

புது எலிமென்ட் போட்டேன். முனைக்கு முனை 10.1 ஓம், டாங்குக்கு முடிவிலி. தண்ணீர் நிரப்பிய பிறகு கராஜில் பிளக் போட்டு ஒரு மணி நேரம் ஆயிற்று, ஜிஎஃப்சிஐ நிற்கிறது. எல்பி டிடெக்டரின் பின்னால் தேதி முடிந்திருந்தது, புதுசு வாங்கிவிட்டேன். சட்டத்து போல்ட்டில் 0.6 வோல்ட் வந்தது, தேய்த்து இறுக்கியதும் 0.08. பேட்டரி இரண்டு மணி நேர டெஸ்ட்டில் 12.1-இல் நின்றது. ரெண்டுங்கெட்டான். என்ன செய்யலாம்?

மீட்டர்காரர்

20 ஆம்ப் அவர் எடுத்ததற்கு 12.1 என்றால், 80 அளவு இருந்திருக்க வேண்டிய கொள்ளளவு பாதியாகியிருக்கிறது. உடனே தூக்கி எறிய வேண்டாம். ஒரு வாரம் பிளக்கிலேயே விட்டு, இரண்டு முறை லேசாக இறக்கி முழுக்க ஏற்றி, அதே டெஸ்ட்டைத் திரும்பச் செய்யுங்கள். மென்மையான சல்ஃபேட் கொஞ்சம் கரையும். 12.3-க்கு வந்தால், எப்போதும் பிளக் உள்ள கேம்ப்கிரவுண்டுக்கு இந்த சீசன் முழுக்கப் போதும். பிளக் இல்லாத இடத்தில் ராத்திரி ஃபர்னஸ் ஓட்டும் திட்டம் இருந்தால் இதை நம்பாதீர்கள். 8 மணி நேரத்தில் பாதி நேரம் ஃபேன் ஓடினாலே 28 ஆம்ப் அவர் போய்விடும், விடியும் முன் ஃபர்னஸ் நின்றுவிடும்.